கை ஐஸ் ஆகரை பற்றரி ட்ரில்லில் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் சிம்கோ ஏரி. குளிர் பிடித்து ஐஸ் நன்றாக இறுகிவிட்டால் கெஸ்விக், இனிஸ்ஃபில் பக்கத்துக் கரைகளில் தமிழ்க் குரலும் கேட்கும். ஐஸில் துளை போட்டு மஞ்சள் பேர்ச் மீன் பிடிக்க வருகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் கையால் சுற்றும் ஆகரோடுதான் தொடங்குகிறார்கள். ஆகர் என்பது ஐஸில் துளை போடுவதற்கான, சுருள் தகடு சுற்றிய நீண்ட தண்டு. தோள் வலித்த பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் கிடக்கும் பற்றரி ட்ரில்லில் இதைப் பூட்ட முடியாதா?

முடியும். கேட்கிறவர்கள் ட்ரில்லின் பலத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு இரண்டு: ஆகரும் ட்ரில்லும் சேரும் மூட்டு, ட்ரில்லைப் பிடித்திருக்கும் கை. கீழே வரும் பதில்களில் பல அந்த இரண்டைப் பற்றியவைதான்.

பெற்றோல் ஆகர் ஒன்றையே வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம். தடித்த ஐஸில் 10 அங்குலத் துளை போடுகிறவருக்கு அது இன்றும் நல்ல கருவிதான். ஆனால் பாரம் அதிகம், புகை, சத்தம், கார்புரேற்றர் பராமரிப்பு எல்லாம் கூடவே வரும். 6 அங்குலக் கை ஆகரும் ட்ரில்லும் பற்றரியும் சேர்ந்து ஐந்தாறு கிலோதான். கரையிலிருந்து நடந்து போய், மீன் இல்லாவிட்டால் இடம் மாறிப் புதுத் துளை போட்டுத் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது. பேர்ச் மீனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே துளையில் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது.

எந்த ட்ரில் போதும்?

18 வோல்ட், பிரஷ்லெஸ் மோட்டார், 13 மி.மீ (அரை அங்குல) உலோகச் சக் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பகுதி), இரண்டு வேகக் கியர், பக்கவாட்டுக் கைப்பிடி. இந்த ஐந்தும் இருக்க வேண்டும். கடையில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று எழுதியிருப்பதும் 18 வோல்ட்தான். உள்ளே ஐந்து செல்கள். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், வேலையில் 3.6 வோல்ட் என்று கணக்கு.

முறுக்குவிசை 80 நியூட்டன் மீற்றராவது இருக்கட்டும். இங்கே பெட்டிகளில் அங்குல இறாத்தலில் போட்டிருப்பார்கள்; அந்தக் கணக்கில் இது 700க்குச் சற்று மேலே வரும். 12 வோல்ட் சிறிய ட்ரில்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு துளை போடும், இரண்டாவதும் போடும், அப்புறம் சூடாகி நின்றுவிடும்.

கியர் எப்போதும் 1-இல். பெரும்பாலான ட்ரில்களில் அது நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 600 சுற்று. கையால் சுற்றுவதோடு பார்த்தால் இதுவே பல மடங்கு வேகம். 2-இல் போட்டால் முறுக்குவிசை குறைந்து மோட்டார்தான் வேகும். கிளச் வளையத்தை ட்ரில் படம் போட்ட இடத்தில் வையுங்கள். சுத்தியல் படம் போட்ட இடத்துக்குப் போகவே கூடாது. அந்த அதிர்வு பிளேடின் விளிம்பைச் சில்லுச் சில்லாக உதிர்த்துவிடும்.

இம்பாக்ட் டிரைவரில் பூட்டலாமா?

வேண்டாம். அது உள்ளே அடித்து அடித்துச் சுற்றும் கருவி. ஆகருக்குத் தேவை நிற்காத, சீரான முறுக்கு. அதில் பிடிக்கும் கால் அங்குல அறுகோணத் தண்டும் இந்தப் பாரத்துக்கு ஆனதல்ல.

என்னிடம் இருப்பது 8 அங்குல ஆகர். ஓடுமா?

நல்ல ட்ரில்லில் ஓடும். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஐஸ் 40 செ.மீ தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலத் துளைக்கு நீங்கள் சீவி எடுப்பது சுமார் 7 லீற்றர் ஐஸ், ஏறக்குறைய 6.7 கிலோ. 8 அங்குலத்துக்கு 13 லீற்றர், கிட்டத்தட்ட 12 கிலோ. விட்டம் இரண்டே அங்குலம் கூடியதற்கு வேலை 78 சதவீதம் கூடுகிறது. பற்றரியும் அதே கணக்கில் இறங்கும். சிக்கினால் கையில் வரும் உதையும் பலமாக இருக்கும்.

பேர்ச்சுக்கு 6 அங்குலம் தாராளம். வைற்ஃபிஷும் அதில் வரும். பெரிய லேக் ட்ரவுட் தேடிப் போகிறவர்கள் 8 அங்குலத்தை விரும்புவதில் நியாயம் உண்டு. புதிதாக வாங்குகிறவர் என்றால் என் பரிந்துரை 6.

அடாப்டர் எப்படிப் பார்த்து வாங்குவது?

அடாப்டர் என்பது ஆகர் தண்டையும் ட்ரில்லின் சக்கையும் இணைக்கும் துண்டு. முதலில் ஆகரின் மேல்பாதியைக் கழற்றுங்கள். பெரும்பாலான கை ஆகர்கள் இரண்டு துண்டாகத்தான் வரும்: கீழே சுருள் தகடும் பிளேடும், மேலே வளைந்த கைப்பிடி. நடுவில் ஒரு போல்ட், அல்லது இரண்டு காது வைத்த நட். கைப்பிடியை எடுத்ததும் மிஞ்சும் தண்டின் முனைதான் உங்கள் மூட்டு. அதன் வெளிவிட்டம், குழாயாக இருந்தால் உள்விட்டம், குறுக்கே போகும் துளையின் அளவு, அந்தத் துளை முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற நான்கையும் வேர்னியர் அளவுகோலால் மில்லிமீற்றரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.

மோரா, ஸ்ட்ரைக்மாஸ்டர், எஸ்கிமோ என்று பெயர் மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். ஒரே நிறுவனமும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தண்டு போட்டிருக்கும். ஒரு மில்லிமீற்றர் தளர்ச்சி கையில் பிடித்துப் பார்க்கும்போது ஒன்றுமில்லாததாகத் தெரியும். 400 சுற்றில் அதே தளர்ச்சி போல்ட் துளையை முட்டை வடிவமாக அரித்துவிடும்.

அடாப்டரில் சக்குக்குள் போகும் முனை அறுகோணமாக, அல்லது மூன்று பக்கம் தட்டையாக்கியதாக இருக்க வேண்டும். சக்கில் மூன்று தாடைகள். அறுகோணத்தின் ஒன்றுவிட்ட மூன்று முகங்களில் அவை சப்பென்று உட்காரும். உருண்டைத் தண்டு வழுக்கும். வழுக்கினால் தண்டில் பளபளவென்று வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருக்கும். அதைக் கண்டால் அந்த அடாப்டரை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள்.

கனேடிய, அமெரிக்கக் கடைகளில் அடாப்டர் தவிர ‘ட்ரில் பிளேற்’ என்று ஒரு வகையும் கிடைக்கிறது. கிளாம் நிறுவனத்தினுடையது பலருக்குத் தெரிந்தது. ட்ரில்லை ஒரு தட்டில் இறுக்கிவிட்டு, பெற்றோல் ஆகர்போல இரு பக்கமும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆகரின் பாரத்தைச் சக் சுமக்காமல் தட்டே சுமக்கும். 8 அங்குலக்காரர்களும் மணிக்கட்டில் பழைய காயம் உள்ளவர்களும் செலவைப் பார்க்காமல் இதையே எடுங்கள்.

அடாப்டரை நானே செய்யலாமா?

உலோக வேலை தெரிந்தவர் என்றால் தாராளமாக. ஒரு துண்டு 11 மி.மீ அறுகோண உருக்குக் கம்பி, ஆகர் தண்டோடு இறுக்கமாகப் பொருந்தும் ஒரு குழாய் அல்லது திண்மத் துண்டு, ஒரு குறுக்குப் போல்ட். இவ்வளவுதான் பொருள். நடு அச்சு நேராக இருப்பதுதான் கடினமான பகுதி. கடைச்சல் இயந்திரத்தில் பிடித்துச் செய்தால் நேராக வரும். கண் மதிப்பில் வெல்ட் பண்ணினால் ஆகரின் கீழ்முனை ஆடும். மேலே அரை மில்லிமீற்றர் சரிவு, ஒரு மீற்றர் கீழே பிளேடில் நன்றாகவே தெரியும்.

போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ட்ரில் 100 நியூட்டன் மீற்றர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஆகர் சிக்கி நின்றால், 20 மி.மீ தண்டில் குறுக்கே இருக்கும் போல்ட்டின் ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் சுமார் 5000 நியூட்டன் விழும். அரைத் தொன் பாரம். தலையில் 4.6 என்று தரம் பொறித்த 6 மி.மீ சாதாரணப் போல்ட் ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நிற்கிறது. நாலைந்து தடவை சிக்கினால் அறுந்துபோக வழி உண்டு. 8.8 தரத்தில் 8 மி.மீ போல்ட் போட்டால் மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். மரை வெட்டாத வழவழப்பான பகுதிதான் தண்டும் குழாயும் சந்திக்கும் இடத்தில் வரவேண்டும், அதற்கேற்ற நீளம் பார்த்து வாங்குங்கள். நட், உள்ளே நைலோன் வளையம் உள்ளதாக இருக்கட்டும், அதிர்வில் கழராது. ஆகரோடு வந்த காது வைத்த நட்டைத் திரும்பப் போட வேண்டாம். சுற்றும்போது கையுறையைப் பிடித்து இழுக்கும்.

நாகம் (துத்தநாகம்) பூசிய உருக்கை வெல்ட் பண்ணினால் வரும் புகை உடம்புக்குக் கூடாது. பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, வெளியிடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

மேல்பாதியை எடுத்துவிட்டால் ஆகர் கட்டையாகிவிடாதா?

ஆகும். குனிந்துதான் துளைக்க வேண்டியிருக்கும், மாசி மாதத் தடிப்புக்குச் சில ஆகர்கள் எட்டாமலும் போகலாம். இதற்கென்றே நீட்டுத் தண்டு விற்கிறது. ஒன்று போதும்; இரண்டு மூன்றை அடுக்கினால் ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் கூடும்.

ஆகர் கழன்று ஏரிக்குள் போய்விடும் என்கிறார்களே?

போகும். அதிர்வில் சக் மெல்ல மெல்லத் தளரும். ஐஸ் உடைந்து தண்ணீர் மேலே வரும் கணத்தில் கீழே தாங்க எதுவும் இல்லை. ஆகர் வழுக்கி நேரே அடிக்குப் போய்விடும், கையில் வெறும் ட்ரில் நிற்கும். அதனால் தண்டின் மேல்முனையில் துளையைவிட அகலமான ஒரு வட்டத் தட்டு கட்டாயம் வேண்டும். விற்கிற அடாப்டர்களில் பல தட்டோடே வருகின்றன. இல்லாவிட்டால் 12 மி.மீ ஒட்டுப்பலகையில் வட்டம் வெட்டி, நடுவில் தண்டு போகத் துளையிட்டு, அடாப்டருக்குக் கீழே குறுக்குப் போல்ட்டால் நிறுத்துங்கள். 6 அங்குல ஆகருக்கு 25 செ.மீ விட்டம் சரியாக இருக்கும். ஆகர் கழன்றாலும் தட்டு துளையின் விளிம்பில் தங்கி நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் இடம் மாறும்போது சக்கைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். சாவியில்லாச் சக் என்றால் ‘டிக் டிக்’ என்று கேட்கும் வரை.

மணிக்கட்டு முறியும் என்பது உண்மையா, பயமுறுத்தலா?

உண்மை. கை ஆகரின் வளைந்த கைப்பிடி அச்சிலிருந்து 15 செ.மீ அளவில் விலகியிருக்கும். அதில் 15 கிலோ விசை கொடுத்துச் சுற்றினால் முறுக்கு 22 நியூட்டன் மீற்றர். அதாவது சாதாரணமாகச் சீவுவதற்கு அவ்வளவுதான் தேவை. ட்ரில்லிடம் இருப்பது அதைப்போல நாலைந்து மடங்கு. பிளேடு திடீரென்று கடித்து நின்றால் அந்த முறுக்கு முழுவதும் ட்ரில்லின் உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பும். துப்பாக்கிப் பிடியை மட்டும் ஒரு கையால் பிடித்திருந்தால், அச்சிலிருந்து 12 செ.மீ தூரத்தில் 85 கிலோ பாரம் உங்கள் மணிக்கட்டைத் திருப்புகிறது என்று பொருள். யாராலும் நிறுத்த முடியாது.

பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடித்தால், கைகளுக்கு நடுவே 35 செ.மீ கிடைக்கும். அதே உதை இப்போது கைக்கு 30 கிலோவுக்கும் கீழே. தெரிந்து எதிர்பார்த்து நிற்கிற ஒருவருக்கு இது சமாளிக்கக்கூடியது. கைப்பிடியை இடப்பக்கம் மாட்டுங்கள். ஆகர் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் ட்ரில்லின் உடம்பு இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போது இடப்பக்கக் கைப்பிடி உங்களை நோக்கி வரும். அதைத் தொடையிலோ முழங்காலுக்கு மேலோ முட்டுக் கொடுத்து வைத்தால் கால் தாங்கிக்கொள்ளும், கை தப்பும்.

சிக்கினால் தானே நின்றுவிடும் மின்னணுப் பாதுகாப்பு உள்ள ட்ரில்கள் இப்போது வருகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். விசைப் பொத்தானை அழுத்தியே வைத்திருக்கும் பூட்டு எதையும் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கழுத்துச் சால்வையை உள்ளே செருகிவிட்டுக் குனியுங்கள்.

துளைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பனியைக் காலால் ஒதுக்கி ஐஸை வெளியே எடுங்கள். முதலில் மெதுவாகச் சுற்றி, பிளேடுகள் ஒரு வட்டப் பள்ளம் போட்டதும் வேகத்தைக் கூட்டுங்கள். அழுத்த வேண்டாம். கூரான பிளேடு ஆகரின் பாரத்திலேயே இறங்கும். மேலிருந்து அழுத்தினால் அது தாங்காத அளவுக்குக் கடித்து நின்றுவிடும். சீவல் எப்படி வருகிறது என்று பாருங்கள். தேங்காய்த் துருவல்போல் நீளமாக, உலர்வாக வந்தால் எல்லாம் சரி. மாவுபோலப் பொடியாக வந்தால் பிளேடு மொட்டை.

தடித்த ஐஸில் பாதி ஆழத்தில் ஒருமுறை ஆகரை மேலே தூக்கிச் சீவலை வெளியே தள்ளுங்கள். சுருளில் சீவல் அடைத்துக்கொண்டால் அதுவே பிரேக் பிடித்ததுபோல ஆகிவிடும்.

ஐஸ் முடியும் இடம் கைக்குத் தெரியும். சத்தம் கனமாகும், சீவல் ஈரமாகிச் சாம்பல் நிறத்துக்கு மாறும், அப்புறம் தண்ணீர் ஊறி வரும். அந்தக் கடைசி ஓரிரு அங்குலத்தில்தான் பிளேடு அடிவிளிம்பில் மாட்டி உதைக்கும். ஆகரின் பாரத்தைக் கைகளில் சற்றுத் தூக்கிப் பிடித்து, சுற்றை நிறுத்தாமல், மெல்ல இறக்குங்கள். உடைந்ததும் விசையை விட்டுவிட்டு நேராக மேலே எடுங்கள். முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இழுத்தால் துளையிலிருக்கும் தண்ணீர் முழுவதும் ட்ரில் மேல் வாரி அடிக்கும். மிஞ்சிய ஐஸ் கூழைக் கண் வைத்த கரண்டியால் அள்ளிக்கொள்ளலாம்.

பிளேடு நேற்று நன்றாக வெட்டியது. இன்று ஐஸ் மேல் சும்மா வழுக்குகிறது. ஏன்?

பெரும்பாலும் பிளேடில் மெல்லிய ஐஸ் படலம் பிடித்திருக்கும். ஈரமாக எடுத்த ஆகரைக் கடுங்குளிரில் வைத்தால் சில நிமிடத்தில் இது நடக்கும். ஐஸில் தட்டி உதிர்க்கக் கூடாது, விளிம்பு மழுங்கும். பக்கத்துத் துளையின் தண்ணீரில் பிளேடை ஒரு நிமிடம் தோய்த்து வையுங்கள். ஏரித் தண்ணீர் வெளிக் காற்றைவிடச் சூடானது, படலம் கரைந்துவிடும். எடுத்து உதறிவிட்டு உடனே துளையுங்கள்.

அப்படியும் வெட்டவில்லை என்றால் பிளேடை மாற்ற வேண்டியதுதான். மோரா வகை வளைந்த பிளேடுகளின் வெட்டுக் கோணம் நுட்பமானது. அரத்தால் வீட்டில் தீட்டப் போனால் பளபளப்பாகும், வெட்டாது. புதிய சோடியை வாங்கி இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

உறைந்துபோன பழைய துளையில் இந்தப் பிளேடுகளை இறக்காதீர்கள். துளையின் விளிம்பில் ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு ட்ரில்லைத் திருப்பும். பழைய துளையை அலவாங்கால் குத்தித் திறக்கலாம், அல்லது ஓரடி தள்ளிப் புதிதாகப் போடலாம்.

இதே ஆகரால் மரம் நடக் குழி தோண்டலாமா?

கூடாது. ஒரு மணல் பருக்கை போதும், பிளேடு போய்விடும். மண்ணுக்கென்று தனி ஆகர் இருக்கிறது.

குளிரில் பற்றரி எவ்வளவு தாங்கும்?

துளை எண்ணிக்கை சொல்லி உறுதி கொடுக்க மாட்டேன். ஐஸ், அகலம், பிளேடு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 5 ஆம்பியர் மணிப் பற்றரியில் 90 வாட் மணி சக்தி இருக்கிறது. குளிரில் லித்தியம் பற்றரியின் உள்தடை ஏறும், பாரம் கொடுத்ததும் வோல்ட் இறங்கும், ட்ரில் பற்றரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து நின்றுவிடும். ஆகவே பற்றரியை ட்ரில்லில் மாட்டி வைக்காமல், மேலங்கியின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். துளைக்கும்போது மட்டும் மாட்டுங்கள். இரண்டு வைத்திருப்பது நல்லது.

சுழியப் பாகைக்குக் கீழே இருக்கும் பற்றரியைச் சார்ஜ் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குக் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வரும் வரை விட்டுவிட்டுப் போடுங்கள்.

இடப்பக்கம் சுற்றும் ஆகரும் இருக்கிறதாமே?

ஆம். ரஷ்யாவில் தயாராகும் கை ஆகர்களில் அந்த வகை உண்டு. ட்ரில்லைப் பின்னோக்கிச் சுற்றவிட்டால் வேலை செய்யும், ஆனால் அந்தத் திசையில் சாவியில்லாச் சக் கழரும் வாய்ப்பு அதிகம். ட்ரில்லுக்கு வலப்பக்கம் சுற்றுவதையே எடுங்கள்.

ட்ரில் இருப்பதால் சீக்கிரமே ஏரிக்குள் போகலாமா?

கருவி இலகுவானதும் இந்தத் துணிச்சல் பலருக்கு வருகிறது. கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தனியாக நடக்க 15 செ.மீ, கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபீலுக்கு 25. இது தெளிந்த நீல ஐஸுக்கு. பனி ஊறி வெள்ளையாக உறைந்ததற்குப் பலம் பாதிதான், தடிப்பு இரட்டிப்பாக வேண்டும். ட்ரில்லை நல்லதுக்குப் பயன்படுத்துங்கள்: போகிற வழியில் அடிக்கடி ஒரு துளை போட்டு அளவுகோலை விட்டுப் பாருங்கள். சிம்கோவில் அழுத்த வெடிப்புகள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும், நேற்று நடந்த தடம் இன்று நல்லதென்று கொள்ள முடியாது. கழுத்தில் ஐஸ் ஊசிச் சோடி (தண்ணீரில் விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற), உடம்பில் மிதக்கும் அங்கி, கூட ஒரு ஆள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வது?

குளிர்ந்த ட்ரில்லைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்க்கும். பெட்டியில் மூடாமல் பற்றரியைக் கழற்றித் திறந்து வையுங்கள். பிளேடுகளைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி உறையை மாட்டுங்கள். குறுக்குப் போல்ட்டைக் கழற்றி, நடுவில் வளைவோ தேய்ந்த பள்ளமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் புதியது போட்டுவிடுங்கள், விலை ஒன்றிரண்டு டொலர்தான்.